பழைய டெக்னாலஜி, புது விளையாட்டு: 'கேம் பாய்' தந்த குன்பெய் யோகோயின் கதை

உங்கள் மொபைலில் பழைய ஸ்டைல் கேம் ஏதாவது இருந்தால் திறந்து பாருங்கள். இடது கட்டைவிரல் படும் இடத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு பட்டன் இருக்கும். மேலே, கீழே, இடது, வலது. பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ, எந்த கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாலும் கிட்டத்தட்ட அதே குறி இருக்கும். 90-களில் டி.வி-யில் கேசட் சொருகி மரியோ ஆடிய அண்ணன், அக்காக்களிடம் கேட்டால், அந்த பிளஸ் பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் காய்த்துப்போன கதையைச் சொல்வார்கள்.

அந்த பிளஸ் பட்டனை நம் விரலுக்குக் கீழே கொண்டுவந்தவர், ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய். கோடிக்கணக்கான பிள்ளைகள் பாக்கெட்டில் வைத்து ஆடிய 'கேம் பாய்' அவருடைய டீமிலிருந்து வந்ததுதான். 'மரியோ'வை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ முதல் கேம் செய்தபோது மேலே இருந்து வழிநடத்தியவரும் அவர்தான். ஆனா, வேலையில் சேர்ந்தபோது அவருக்கும் விளையாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சீட்டுக்கட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

லேட்டஸ்ட் சிப், அதிக ரேம், பெரிய டிஸ்ப்ளே என்று ஸ்பெக்ஸ் பார்த்தே பொருள் வாங்கும் நமக்கு, யோகோயின் வாழ்க்கை வேறு ஒரு கணக்கைச் சொல்கிறது.

சீட்டுக்கட்டு கம்பெனியின் மெஷின் மெக்கானிக்

யோகோய் பிறந்தது 1941, செப்டம்பர் 10. ஊர், கியோட்டோ. அங்கேயே இருக்கும் தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். மார்க் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் கதவைத் திறக்கவில்லை. சொந்த ஊரை விட்டுப் போகவும் அவருக்கு மனசில்லை. கடைசியில் உள்ளூரிலேயே ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. அதன் பெயர், நின்டெண்டோ.

இன்று நின்டெண்டோ என்றால் வீடியோ கேம். 1965-ல் அப்படி இல்லை. 1889-ல் தொடங்கப்பட்டு, 'ஹனாஃபுடா' என்ற பூப்படச் சீட்டுகளைத் தயாரித்துவந்த பழைய கம்பெனி அது. 12 மாதங்கள், மாதத்துக்கு ஒரு பூ அல்லது செடி, மொத்தம் 48 சீட்டுகள். தாத்தா காலத்து விளையாட்டு.

கம்பெனியின் தலைவர் ஹிரோஷி யமாவுச்சி, நிறுவனரின் கொள்ளுப்பேரன். 1949-ல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர். கறாரான ஆள். சீட்டுக்கட்டை மட்டும் நம்பினால் கம்பெனி தேறாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. இன்ஸ்டன்ட் சாப்பாடு, டாக்ஸி என்று என்னென்னவோ முயன்று பார்த்தார். எதுவும் எடுபடவில்லை.

இப்படி ஒரு நேரத்தில்தான் யோகோய் உள்ளே வருகிறார். மெஷின்கள் ஒழுங்காக ஓடும்போது அவருக்கு வேலை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற ஆளும் இல்லை. ஃபேக்டரியில் கிடந்த லேத்தையும் மிச்சம் மீதிப் பொருள்களையும் வைத்து எதையாவது செய்துகொண்டிருப்பார்.

அப்படிச் செய்ததுதான் ஒரு நீளும் கை. பெருக்கல் குறி போலக் கோத்த சட்டங்கள். இந்தப் பக்கம் பிடியை மூடினால், அந்தப் பக்கம் நீண்டுபோய்ப் பொருளைக் கவ்வும். பிடியை விரித்தால் சுருங்கிக்கொள்ளும். பொழுதுபோக்குக்காகச் செய்த பொருள்.

அதை வைத்து அவர் விளையாடிக்கொண்டிருந்ததை யமாவுச்சி பார்த்துவிட்டார். முதலாளி ரூமுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும், ஒருவேளை வேலையே போகும் என்று நினைத்துக்கொண்டுதான் யோகோய் உள்ளே போனார். யமாவுச்சி போட்ட உத்தரவு வேறு. இதையே பொம்மையாகச் செய், விற்கலாம்.

1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெஷின் மெக்கானிக், பொம்மை டிசைனர் ஆனார்.

காதல் மீட்டரும், இடது பக்கம் மட்டும் திரும்பும் காரும்

அடுத்த சில வருடங்களில் யோகோய் செய்த பொம்மைகளைப் பார்த்தால், மனுஷன் எவ்வளவு குறும்புக்காரர் என்று தெரியும்.

1969-ல் 'லவ் டெஸ்டர்'. ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கொரு உருண்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கையால் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். உடம்பு வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்சாரத்தை அளந்து, இருவருக்கும் இடையில் எவ்வளவு காதல் என்று முள் காட்டும். உள்ளே இருப்பது சாதாரண மின்சார மீட்டர்தான். எலெக்ட்ரானிக்ஸ் படித்த எந்த மாணவனும் ஒரே நாளில் செய்துவிடுவான். ஆனா, வெட்கப்பட்டுத் தள்ளி நிற்கும் இரண்டு பேரைக் கைகோக்க வைக்க அதைப் பயன்படுத்தலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தனக்கே அந்த ஆசை இருந்ததால்தான் செய்தேன் என்று யோகோய் பின்னாளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

1970-ல் லைட் துப்பாக்கி. ஷார்ப் கம்பெனியின் சார்பில் சோலார் செல் விற்க நின்டெண்டோவுக்கு வந்துபோன இன்ஜினீயர் மசாயுகி உவேமுரா. சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பதற்கான பொருள் அது. யோகோய் அதை ஒளியைக் கண்டுபிடிக்கும் கண்ணாகப் பார்த்தார். துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் பாயும். இலக்கில் இருக்கும் செல் அதை உணர்ந்தால் பொம்மை பாட்டில் சிதறும். பொம்மை ஹிட். உவேமுராவும் பின்னர் நின்டெண்டோவிலேயே சேர்ந்து, 1983-ல் வந்த 'ஃபேமிகாம்' கன்சோலை உருவாக்கினார்.

1972-ல் 'லெஃப்டி ஆர்எக்ஸ்' ரிமோட் கார். அப்போது ரிமோட் கார் என்பது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொருள். முன்னே, பின்னே, இடது, வலது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சிக்னல் வேண்டும் என்பதால் விலை எகிறும். யோகோய் ஒரே ஒரு சிக்னலை மட்டும் வைத்துக்கொண்டார். பட்டனைத் தொடாவிட்டால் கார் நேராகப் போகும். அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனா, வட்டமான ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு இடது பக்கம் திரும்பினாலே போதுமே! விலை இறங்கியது. சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ரேஸ் விட்டார்கள்.

எல்லாமே ஜெயித்துவிடவில்லை. 1973-ல், கூட்டம் குறைந்துபோன பௌலிங் கூடங்களை எல்லாம் லைட் துப்பாக்கி சுடும் கூடங்களாக மாற்றும் பெரிய திட்டத்தில் நின்டெண்டோ இறங்கியது. அதே வருடம் உலக அளவில் எண்ணெய் நெருக்கடி. வந்த ஆர்டர்கள் மளமளவென ரத்தாகின. கம்பெனி கடனில் மூழ்கியது. அதிலிருந்து மீண்டு வர வருடங்கள் ஆயின.

வாடிப்போன டெக்னாலஜி

லவ் டெஸ்டர், துப்பாக்கி, இடதுபக்கக் கார். மூன்றிலும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. எதிலுமே புதுக் கண்டுபிடிப்பு இல்லை. எல்லாம் சந்தையில் ஏற்கெனவே கிடைத்த, விலை குறைந்த பொருள்கள்.

யோகோய் இதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார். வாடிப்போன டெக்னாலஜியைப் பக்கவாட்டில் யோசிப்பது. இங்கே வாடிப்போனது என்றால் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. எல்லோரும் பயன்படுத்தி, குறை நிறை முழுக்கத் தெரிந்து, விலையும் இறங்கிப்போன டெக்னாலஜி. அதை யாரும் யோசிக்காத வேறொரு இடத்துக்குக் கொண்டுபோவதுதான் பக்கவாட்டு யோசனை.

பொம்மை விஷயத்தில் இது மிக முக்கியம். ராக்கெட்டுக்கு லேட்டஸ்ட் டெக்னாலஜி வேண்டும், விலை ஒரு பொருட்டில்லை. பொம்மையை வாங்குவது அப்பா, அம்மா. பிள்ளை அதைக் கீழே போடும், மிதிக்கும், தண்ணீரில் நனைக்கும். விலையும் குறைவாக இருக்க வேண்டும், அடியும் தாங்க வேண்டும். முதலீட்டையெல்லாம் டெக்னாலஜியில் கொட்டாமல் ஐடியாவில் கொட்ட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு.

ரயிலில் பார்த்த கால்குலேட்டர்

1970-களின் கடைசி. புல்லட் ரயிலில் பயணம் செய்துகொண்டிருந்தார் யோகோய். பக்கத்தில் ஓர் அலுவலகக்காரர். பொழுது போகாமல் தன் பாக்கெட் கால்குலேட்டரின் பட்டன்களைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் யோகோய்க்குப் பொறி தட்டியது. பெரியவர்களுக்கும் பயணத்தில் போரடிக்கும். ஆனா, கோட் சூட் போட்டவர் ரயிலில் பொம்மையை எடுத்து ஆட வெட்கப்படுவார். உள்ளங்கைக்குள் அடங்கி, பார்ப்பதற்குக் கால்குலேட்டர் மாதிரியே ஒரு கேம் இருந்தால்?

ஐடியா வந்துவிட்டது. முதலாளியிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவேண்டுமே. அது வந்த விதம்தான் வேடிக்கை. ஒருநாள் யமாவுச்சியின் டிரைவருக்கு உடம்பு சரியில்லை. முதலாளியின் கார், ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் வெளிநாட்டு கார். ஆபீஸில் அதை ஓட்டத் தெரிந்தவர் யோகோய்தான். டிபார்ட்மென்ட் தலைவரான தன்னை டிரைவராக்கிவிட்டார்களே என்ற சின்ன வருத்தம் அவருக்கு இருந்தது. வேலை பற்றி ஏதாவது பேசினால் கௌரவமாக இருக்குமே என்று, வண்டி ஓட்டிக்கொண்டே அந்தக் கால்குலேட்டர் ஐடியாவைச் சொல்லிவைத்தார். யமாவுச்சி கேட்டுக்கொண்டார். பெரிதாக எதுவும் சொல்லவில்லை. யோகோயும் மறந்துவிட்டார்.

ஆனா, அன்று யமாவுச்சி போன கூட்டத்தில் பக்கத்து இருக்கை ஷார்ப் கம்பெனியின் தலைவருக்கு. சில நாள்களில் ஷார்ப்பின் பெரிய அதிகாரிகள் நின்டெண்டோ வாசலில் வந்து நின்றார்கள்.

அதற்கும் காரணம் இருந்தது. ஷார்ப்பும் கேசியோவும் கால்குலேட்டர் சந்தையில் கடுமையாக மோதிக்கொண்ட காலம் அது. அந்தப் போட்டியில் எல்.சி.டி திரையின் விலையும் சிப்பின் விலையும் தரைமட்டத்துக்கு வந்திருந்தன. தயாரித்துத் தள்ளும் எல்.சி.டி-க்குப் புது உபயோகம் தேவைப்பட்டது. வாடிப்போன டெக்னாலஜிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

1980-ல் 'கேம் அண்டு வாட்ச்' வரிசையின் முதல் கேமான 'பால்' வந்தது. ஒரு மனிதன் பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பான். ஆடாத நேரத்தில் அது கடிகாரம். கால்குலேட்டரில் எண் தெரிவது போலவே, முன்கூட்டியே வரைந்து வைத்த உருவங்கள் மாறி மாறித் தெரியும். அவ்வளவு எளிமையான விஷயம். அடுத்தடுத்து வந்த மாடல்களையும் சேர்த்து இந்த வரிசை 4 கோடிக்கும் மேல் விற்றது. பழைய கடன் அடைந்தது.

அந்த பிளஸ் பட்டன்

1982-ல் 'டாங்கி காங்' கேமை இரண்டு திரைகள் உள்ள, புத்தகம் போல மூடும் கேம் அண்டு வாட்ச்சாகக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் சிக்கல். பெரிய கேம் மெஷின்களில் இருக்கும் ஜாய்ஸ்டிக்கை இதில் வைத்தால் மூட முடியாது. நான்கு திசைக்கு நான்கு தனித்தனி பட்டன் வைத்தால், ஆட்டத்தின் வேகத்தில் விரல் எந்த பட்டனில் இருக்கிறது என்று தெரியாது. குனிந்து பார்ப்பதற்குள் ஆள் அவுட்.

யோகோய் நான்கையும் ஒரே கூட்டல் குறியாக இணைத்தார். கட்டைவிரலை நடுவில் வைத்துக்கொண்டு லேசாகச் சாய்த்தால் போதும். கண் திரையில் இருக்கும், திசையை விரல் உணர்ந்துகொள்ளும். அடுத்த வருடம் வந்த ஃபேமிகாம் கன்ட்ரோலரிலும் அதே பிளஸ். பிறகு உலகமே அதைப் பின்பற்றியது. பல வருடங்கள் கழித்து, அமெரிக்காவின் தொழில்நுட்பத்துக்கான எம்மி விருது இந்த பட்டனுக்காக நின்டெண்டோவுக்குக் கிடைத்தது.

ஒரு சிஷ்யன், ஒரு குரங்கு, ஒரு ரோபோ

'டாங்கி காங்' பிறந்ததே ஒரு தோல்வியில்தான். 1981-ல் நின்டெண்டோவின் 'ரேடார் ஸ்கோப்' என்ற ஆர்கேட் கேம் அமெரிக்காவில் படுத்துவிட்டது. விற்காத மெஷின்கள் குடோனில் குவிந்துகிடந்தன. அந்த மெஷின்களுக்குள்ளேயே வேறு கேமைப் போட்டு விற்க வேண்டும் என்று முடிவானது. அந்தப் பொறுப்பு, அதுவரை கேம் எதையும் முழுசாக டிசைன் செய்திராத இளம் கலைஞர் மியமோட்டோவிடம் போனது. மேற்பார்வை யோகோய். பீப்பாய் உருட்டும் குரங்கு, தாவிக் குதிக்கும் தச்சர், மேலே மாட்டிக்கொண்ட பெண். அந்தத் தச்சர்தான் பின்னர் மரியோ ஆனார்.

1983-ல் 'மரியோ பிரதர்ஸ்' செய்தபோதும் இருவரும் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் மரியோவுக்கு அடிபடக் கூடாது என்பது யோகோயின் யோசனை. அப்படிச் செய்தால் நம்பும்படியாக இருக்காதே என்று மியமோட்டோ தயங்கினார். பிறகு ஒப்புக்கொண்டார். மரியோ அன்று தொடங்கிய குதியை இன்றுவரை நிறுத்தவில்லை.

அமெரிக்காவில் 1983-ல் வீடியோ கேம் சந்தை சரிந்தது. கடைக்காரர்கள் கேம் கன்சோல் என்ற பெயரைக் கேட்டாலே ஓடினார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த 1985-ல் யோகோயின் டீம் 'ராப்' என்ற குட்டி ரோபோவைக் கொடுத்தது. டி.வி திரையின் வெளிச்ச மின்னலைப் பார்த்து அசையும் ரோபோ. அதைக் காட்டி, கன்சோலை ஒரு பொம்மையாகக் கடைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். லைட் துப்பாக்கியில் ஒளியை உணரும் கண்ணை வைத்த அதே யோசனைதான், வேறு உருவத்தில் வந்தது.

யோகோய் தலைமை தாங்கிய பிரிவின் பெயர் 'ஆர் அண்டு டி 1'. 1986-ல் 'மெட்ராய்டு', 'கிட் இகாரஸ்' என்று அவர் தயாரிப்பில் கேம்கள் வந்தன. கவசத்துக்குள் இருந்து சண்டை போட்ட வீரர் ஒரு பெண் என்று 'மெட்ராய்டு' கடைசியில் காட்டியபோது, ஆடியவர்கள் அசந்துபோனார்கள்.

கலர் இல்லாமல் ஜெயித்த கேம் பாய்

கேசட்டை மாற்றி மாற்றி வேறு வேறு கேம் ஆடக்கூடிய கையடக்கக் கருவி. 'கேம் பாய்' பற்றிய கனவு இதுதான். அதை நிஜமாக்கியதில் யோகோயின் டீமிலிருந்த இன்ஜினீயர் சடோரு ஒகாடாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இதில் யோகோய் எடுத்த துணிச்சலான முடிவு, திரை கறுப்பு வெள்ளைதான் என்பது. கறுப்பு வெள்ளைகூட இல்லை, பச்சை கலந்த மங்கலான நான்கு ஷேடுகள். பின்னால் விளக்கும் கிடையாது. கலர் திரை செய்ய முடியாமல் இல்லை. ஆனா, கலர் வந்தால் விலை ஏறும், பேட்டரி உடனே காலியாகும்.

கலர் ஏன் தேவையில்லை என்பதற்கு அவரிடம் ஓர் அழகான விளக்கம் இருந்தது. கரும்பலகையில் இரண்டு வட்டம் வரைந்து அதைப் பனிமனிதன் என்று சொல்லுங்கள். பார்க்கிறவர் மனசில் அது தானாகவே வெள்ளையாகிவிடும். ஆட்டம் சுவாரஸ்யமாக இருந்தால் நிறத்தை மனசு நிரப்பிக்கொள்ளும்.

திரையிலும் ஒரு கண்டம் வந்தது. தயாரிப்பு தொடங்கவிருந்த நேரத்தில் மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்த யமாவுச்சி, எதுவுமே தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். யோகோய்க்குச் சாப்பாடும் தூக்கமும் போனது. பிறகு வேறு வகை எல்.சி.டி-க்கு மாறித்தான் தப்பித்தார்கள்.

1989, ஏப்ரல் 21. ஜப்பானில் 12,500 யென் விலையில் கேம் பாய் வந்தது. சில மாதங்களில் அமெரிக்காவில் 89.95 டாலருக்கு வந்தது. அதே வருடம் 'அடாரி லிங்க்ஸ்' கலர் திரையோடு இறங்கியது. 1990-ல் செகாவின் 'கேம் கியர்', அதுவும் கலர். போட்டிக் கம்பெனி கலரில் இறக்குகிறது என்று கேள்விப்பட்டபோது யோகோய் நிம்மதி அடைந்தாராம். அவர் பயந்தது கறுப்பு வெள்ளையில் யாராவது மலிவாக இறக்கிவிடுவார்களோ என்றுதான்.

அவர் கணக்கு பலித்தது. கேம் கியரில் ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பேட்டரி, பத்து மணி நேரத்தைத் தாண்டி ஓடும். பள்ளி பஸ்ஸில், ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலில், நீண்ட ரயில் பயணத்தில் ஆடும் பிள்ளைக்கு எது வேண்டும்? பேட்டரி தீர்ந்த கலர் திரையைவிட, ஓடிக்கொண்டிருக்கும் மங்கல் திரை மேல்.

கேமும் கைகொடுத்தது. யோகோய் தயாரித்த 'சூப்பர் மரியோ லேண்ட்' 1.8 கோடி பிரதிகள் விற்றது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் உருவாக்கிய 'டெட்ரிஸ்', அமெரிக்காவில் கேம் பாயுடன் இலவச இணைப்பாக வந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்க கலர் எதற்கு? பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கேம் பாயை அப்பாவும் அம்மாவும் பிடுங்கி ஆடினார்கள். கடைசியில் கேம் பாயும், அதன் வாரிசான 'கேம் பாய் கலரு'ம் சேர்த்து 11.8 கோடிக்கும் மேல் விற்றன.

இரண்டு கேம் பாய்களை இணைக்கும் ஒரு கேபிளும் இருந்தது. அதைப் பார்த்த சடோஷி தஜிரி என்ற இளைஞருக்கு, அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்துபோவது போலக் கற்பனை ஓடியது. அந்தக் கற்பனைதான் 1996-ல் 'போகிமான்' ஆனது. ஏழு வயதான கறுப்பு வெள்ளைக் கருவிக்கு மறுபிறவி கிடைத்தது.

சிவப்பாக வந்த சறுக்கல்

இவ்வளவு ஜெயித்தவரின் பெயர் பக்கத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் தோல்வி, 'விர்ச்சுவல் பாய்'.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருந்த ஒரு கம்பெனியின் டெக்னாலஜி அது. வரிசையாகச் சிவப்பு எல்.இ.டி விளக்குகள், அதன் முன்னால் வேகமாக ஆடும் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வேறுபட்ட படம் போவதால் ஆழம் தெரியும், அதாவது 3டி. அந்தக் காலத்தில் நீல எல்.இ.டி விலை அதிகம். சிவப்புதான் மலிவு, மின்சாரமும் குறைவு. எனவே மொத்த உலகமும் கறுப்பும் சிவப்புமாக இருக்கும்.

கவனித்தீர்களா? யோகோய் தன் கொள்கையை இங்கேயும் கைவிடவில்லை. மலிவானதை எடுத்து, புது இடத்தில் வைத்தார். ஆனா, இந்த முறை ஆடுபவரின் வசதி தொலைந்துபோனது. தலையில் மாட்டும் கருவியாக யோசித்தது, பல காரணங்களால் மேஜை மேல் ஸ்டாண்டு போட்டுக் குனிந்து பார்க்கும் பெட்டியாக முடிந்தது. கழுத்து வலி, கண் வலி, தலைவலி என்று புகார்கள் வந்தன. சிறு பிள்ளைகள் ஆடக் கூடாது என்று எச்சரிக்கை வேறு. பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டவும் முடியாது. கேம் பாயை ரசிக்க வைத்த எதுவுமே இதில் இல்லை. கம்பெனியின் கவனமும் அடுத்து வரவிருந்த 'நின்டெண்டோ 64' மேல் இருந்தது.

1995, ஜூலையில் ஜப்பானிலும் ஆகஸ்டில் அமெரிக்காவிலும் வந்தது. மொத்தமே 22 கேம்கள். விற்றது சுமார் 7.7 லட்சம். ஒரு வருடத்துக்குள் கதை முடிந்தது. கேம் பாயின் கோடிகளைப் பார்த்த கம்பெனிக்கு இது பெரிய அடி.

31 வருடங்களுக்குப் பிறகு

1996, ஆகஸ்ட் 15. யோகோய் நின்டெண்டோவிலிருந்து விலகினார். 31 வருட வேலை. விர்ச்சுவல் பாய் தோல்விக்காக அவரை வெளியேற்றிவிட்டார்கள் என்று பேசாத ஆள் இல்லை. அவரோ அதை மறுத்துக் கட்டுரையே எழுதினார். 50 வயதுக்குப் பிறகு சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்பது அவருடைய பழைய திட்டம்.

ஒரு விஷயம் மட்டும் அந்த வதந்திகளில் விடுபட்டுப்போகிறது. தோல்வி நடந்த மறுநாளே அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பவில்லை. 1996, ஜூலையில் 'கேம் பாய் பாக்கெட்' வந்த பிறகுதான் போனார். சின்னதாக, எடை குறைவாக, இன்னும் தெளிவான திரையோடு வந்த கேம் பாய் அது. அதுவும் ஜெயித்தது. கடைசியாகக் கொடுத்த பொருள் தோல்வியாக இருக்கக் கூடாது என்று நினைத்திருந்தால், அதில் தப்பில்லைதானே?

கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சின்ன நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் கம்பெனியோடு சேர்ந்து ஒரு புதிய கையடக்கக் கருவிக்கான வேலையில் இறங்கினார். 55 வயதில், தான் உருவாக்கிய கேம் பாய்க்கே போட்டி!

1997, அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தின் ஹொகுரிக்கு விரைவுச்சாலை. யோகோய் பயணம் செய்த கார், முன்னால் சென்ற டிரக் மீது மோதியது. என்ன சேதம் என்று பார்க்கக் கீழே இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதியது. அப்போது அவருக்கு வயது 56.

அவர் விட்டுப்போனது

அவர் தொடங்கிவைத்த கருவி 1999, மார்ச்சில் 'வொண்டர் ஸ்வான்' என்ற பெயரில் ஜப்பானில் வந்தது. விலை 4,800 யென். கறுப்பு வெள்ளைத் திரை. படுக்கவைத்தும் ஆடலாம், நிமிர்த்திப் பிடித்தும் ஆடலாம். நாள் கணக்கில் ஆட ஒரே ஒரு பேட்டரி போதும். கடைசிவரை மனுஷன் மாறவே இல்லை. அதனுடன் வந்த புதிர் கேம் ஒன்றுக்கு அவர் நினைவாக 'குன்பெ' என்று பெயர் வைத்தார்கள். 2003-ல் உலக கேம் டெவலப்பர்கள் வாழ்நாள் சாதனை விருதை அவருக்கு அளித்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

2004-ல் வந்த 'நின்டெண்டோ டி.எஸ்', இரண்டு திரை, புத்தகம் போல மூடும் வடிவம். 1982-ன் கேம் அண்டு வாட்ச்சைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்பனும் பிள்ளையும் போல இருக்கும். 2006-ல் போட்டியாளர்கள் எல்லாம் ஹெச்.டி கிராஃபிக்ஸுக்குப் போனபோது, 'வீ' பழைய சக்தியோடு, கையை வீசி ஆடும் ரிமோட்டோடு வந்து கோடிக்கணக்கில் விற்றது. யோகோய் இல்லாத நின்டெண்டோவிலும் யோகோயின் யோசனை வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

நம்மில் பலருக்கு ஒரு காரணம் எப்போதும் கையில் இருக்கும். நல்ல கேமரா இல்லாததால் குறும்படம் எடுக்கவில்லை. நல்ல லேப்டாப் இல்லாததால் கோடிங் கற்கவில்லை. பெரிய கம்பெனி கிடைக்காததால் திறமையைக் காட்டவில்லை. பெரிய கம்பெனிகள் வேண்டாம் என்று சொன்ன ஒருவர், சீட்டுக்கட்டு ஃபேக்டரியில் மிச்சம் கிடந்த பொருள்களை வைத்து ஒரு நீளும் கையைச் செய்தார். மீதியெல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

கலர் திரை இல்லை என்று அவர் காத்திருந்தால், கேம் பாய் வந்திருக்காது.